பெரியக்காவும் என் மூச்சும்

மணி அடித்துவிட்டார்கள். கடைசி ரவுண்டு. எங்கள் கல்லூரிப் பெண் வெறுங்காலோடு முதலில் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வேறு கல்லூரியின் நீலச் சட்டைக்காரி ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கி வாங்கி வருகிறாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. எங்களவள் ஓடிக்கொண்டே சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கினாள். கால் தடுக்கியதா, சுளுக்கியதா என்று நாங்கள் பதறினால், அதெல்லாம் ஒன்றுமில்லை. நன்றாக இரண்டு எட்டு விலகி, தலையைக்கூட லேசாகச் சாய்த்து, பின்னால் வந்தவளுக்கு உள்வட்டத்தைத் திறந்துவிட்டாள். கல்யாண வீட்டு வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்புவதுபோல இருந்தது.

நீலச் சட்டைக்காரி ஒரு கணம் திகைத்தாள். பிறகு கிடைத்ததை விடுவாளா? பாய்ந்து போய்க் கோட்டைத் தொட்டாள். எங்களவள் இரண்டாவது.

எங்கள் பி.டி. மேடத்துக்கு விசில் வாயிலேயே நின்றுபோனது. பிறகு மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எதுக்கு ஒதுங்கின?"

"அந்தப் புள்ள பின்னால மூச்சு வாங்கிட்டு வந்துச்சுங்க மேடம். பாவமுங்க. வழி உடாம எப்படிங்க போறது?"

சொன்னவள் முகத்தில் குறும்பு கிடையாது, நடிப்பும் கிடையாது. இதில் திட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பெயரே பெரியக்கா

அவள் பெயர் பெரியக்கா. பட்டப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். சான்றிதழிலேயே அதுதான். கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரி; அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் நாடு என்பார்கள். முதல் நாள் வருகைப் பதிவு எடுத்த பேராசிரியர் "பெரியக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, தானே சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் எழுந்து நின்று, "உள்ளேனுங்க ஐயா" என்றாள்.

நான் ராசிபுரத்துக்காரி. விடுதியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில். அவளைவிட நான் மூன்று மாதம் மூத்தவள். ஆனாலும் மூன்று வருடம் அவளை அக்கா அக்கா என்றே கூப்பிட வேண்டியதாயிற்று. என்ன கொடுமை பாருங்கள். அவளோ என்னை "எஸ்தரு" என்பாள், பாசம் பொங்கினால் "கண்ணு" என்பாள்.

(போன வாரம் இந்தத் தொடரில், அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைப் பஸ்ஸின் வளைவுகளில் என் வயிறு பட்ட பாட்டை எழுதியிருந்தேன். தங்கை போன் போட்டு, "குடும்ப மானத்தை வாங்காதே" என்றாள். இந்த வாரம் வாந்தி இல்லை. நிம்மதியாகப் படிக்கட்டும்.)

பெரியக்கா ஓடுவதைப் பார்க்க வேண்டும். அப்பப்பா! கால் மட்டும்தான் ஓடும். இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்தாலும் சிந்தாது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்தே மரவள்ளிக் கிழங்கும் பலாப்பழமும் தலையில் வைத்து ஏறி இறங்கின உடம்பு. எங்கள் மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். காலையில் அவள் ஓடி முடித்த பிறகு பார்த்தால், கோட்டின் ஓரத்திலேயே அவள் குதிகால் தடம் வரிசையாக இருக்கும். அந்தத் தடத்தின் மேல் கால் வைத்து நடக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நான், அதற்காகவே எழுந்து போயிருக்கிறேன்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. போலீஸ் ஆக வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒரு திருவிழாக் கதை சொல்வாள்.

"நோம்பிக் கூட்டத்துல ஒரு புள்ளத்தாச்சி மயங்கி உழுந்துட்டா எஸ்தரு. யாரும் நகரல. ஒரு போலீசம்மா வந்து இப்படிக் கையைக் காட்டுச்சு பாரு, ஜனம் முச்சூடும் ரெண்டாப் பிரிஞ்சு வழி உட்டுச்சு. எனக்கு அந்தக் கை வேணும்."

விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸில் சேர அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியின் சான்றிதழ் இருந்தால் நல்லது என்று மேடம் சொல்லியிருந்தார். அதற்கு முதலில் எங்கள் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டும். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஐயாயிரம் மீட்டரில் முதலில் வருபவளுக்குத்தான் அந்த இடம். அதைத்தான் பாவம் பார்த்து இவள் நீலச் சட்டைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்!

சுமைக்கு வழி

விடுதிக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. கோபம். அவளாகவே சொன்னாள்.

அவள் ஊருக்கு ரோடு பாதி தூரம்தான். மிச்சம் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. அதில் தலைச்சுமையோடு வருகிறவர் நிற்க முடியாது. நின்றால் சுமை சாயும், ஆளும் சாய்வார். அதனால் பின்னால் மூச்சு கேட்டால் வெறுங்கையோடு போகிறவர் ஒதுங்கிவிட வேண்டும். திரும்பிப் பார்ப்பது, யார் என்று கேட்பது எல்லாம் கிடையாது. நடக்கப் பழகும்போதே இதையும் பழக்கிவிடுகிறார்கள்.

"எங்க ஊருல வழி உடாதவளுக்குப் பொண்ணுகூடக் குடுக்க மாட்டாங்க," என்றாள்.

"பொண்ணுக்கு யாருடி பொண்ணு குடுப்பா?" என்று கேட்டேன். கோபம் போய்ச் சிரித்துவிட்டோம்.

எனக்குக் கிடைத்த உத்தியோகம்

இந்தக் கதையைக் கேட்ட மேடம் தீவிரமாக யோசித்தார். யோசித்து, என் தலையில் கை வைத்தார்.

"எஸ்தர், உனக்குச் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். நாளையிலிருந்து இவ பின்னாடியே ஓடு. நல்லா சத்தமா மூச்சு வாங்கு. இவ ஒதுங்கக் கூடாது. ஒதுங்கினா ரெண்டு பேருக்கும் ஒரு ரவுண்டு கூட."

அதுவரை நான் விளையாட்டில் சேர்ந்ததே விடுதியில் விளையாட்டுப் பெண்களுக்குத் தரும் அவித்த முட்டைக்காக. இப்போது மூச்சு வாங்குவதே உத்தியோகமாகிவிட்டது. மாதக்கணக்கில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். முதலில் தினமும் ஒதுங்கினாள். தினமும் கூடுதல் ரவுண்டு. நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டிலேயே நிற்கப் பழகினாள். வலது தோள் மட்டும் துடித்து அடங்கும்.

மேடத்துக்கு வாயெல்லாம் பல். பொங்கல் விடுமுறைக்கு அவளை அனுப்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். "ஊருக்குப் போனாலும் பழக்கத்தை விட்டுராத. யார் பின்னால வந்தாலும் ஒதுங்காத."

மேடம் சொன்னால் பெரியக்காவுக்கு வேதவாக்கு. அதுதான் வினையாகிப் போனது.

மிளகு மூட்டை

விடுமுறை முடிந்து எல்லோரும் வந்தோம். அவள் வரவில்லை. சில நாள் கழித்து வந்தவள், நேராகக் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து அதில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி ஆச்சு?"

"நான் ஊட்டுக்கே போறேன் எஸ்தரு. எனக்கு இந்த ஓட்டமும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்.

மிளகு பறிக்கும் சமயம். அவள் பறித்த மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு அடுத்த நடைக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். சித்தப்பா வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பச்சை மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் வந்தார். அம்மாவின் மூச்சு அவளுக்குக் கேட்டது. மேடம் சொன்ன வார்த்தையும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதையின் நடுவிலேயே நடந்தாள். மகள் ஒதுங்குவாள் என்று நம்பிக் கால் வைத்த அம்மாவுக்கு வைக்க இடம் இல்லை. சரிவில் கால் பிசகி, மூட்டையோடு உருண்டு ஒரு காப்பிச் செடியில் தட்டி நின்றார். கணுக்கால் முறிந்துவிட்டது. மூட்டை வாய் பிரிந்து, மிளகு முழுக்கச் சரிவில் போனது.

"திட்டக்கூட இல்ல எஸ்தரு எங்கம்மா. 'ஏஞ்சாமி, காலேசுல வழி உடக் கூடாதுன்னா சொல்லிக் குடுத்தாங்க?'ன்னு கேட்டுச்சு. நான் ஆமான்னேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. மேடம் வந்தார், கையைப் பிடித்தார், அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் பெரியக்கா ஒரே பிடியாக நின்றாள். வழி விட்டால் போலீஸ் வேலை இல்லை. வழி விடாவிட்டால் அம்மாவுக்குக் கால் இல்லை. "எனக்கு எங்கம்மா கால்தான் பெருசுங்க மேடம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

டிரங்குப் பெட்டி

பஸ் ஸ்டாண்டு வரை நானும் வருவேன் என்று அடம்பிடித்து, பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அவளை அனுப்பிவைக்க எனக்கு மனமே இல்லை. ஆத்திரத்தில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவளைத் திட்டிக்கொண்டே தெருவில் நடந்தேன். தலைச்சுமை எனக்குப் புதிது. கழுத்து நோக, வேர்த்து வழிய, நாலு கடை தாண்டுவதற்குள் வாயடைத்துப் போயிற்று. மூச்சு மட்டும்தான்.

சட்டென்று அவள் ஒதுங்கினாள்! சாக்கடை ஓரமாக நின்று எனக்கு வழி விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "அடிப்பாவி! மாசக்கணக்கா உன் பின்னால நாய் மாதிரி மூச்சு வாங்கினேனே, அப்பல்லாம் கல்லு மாதிரி ஓடின. இப்ப எதுக்குடி ஒதுங்கற?"

அவள் என்னையே பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எஸ்தரு, பெட்டியைக் கீழ வெய்யி."

வைத்தேன்.

"இப்ப அந்த டீக்கடை வரைக்கும் ஓடிப் போயிட்டு எம் பின்னால வா."

நடுத்தெருவில், தாவணியைச் செருகிக்கொண்டு ஓடினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மூச்சு இரைக்க அவள் பின்னால் வந்தேன். அவள் முன்னால் பார்த்தபடியே நடந்தாள், ஒதுங்கவில்லை. "இப்ப பெட்டியோட வா," என்றாள். வந்தேன். ஒதுங்கினாள்.

"ரெண்டும் வேற மூச்சு எஸ்தரு," என்றாள். "சுமை தூக்கறவ மூச்சை அடக்கி அடக்கி உடுவா. கழுத்தை ஆட்ட முடியாதுல்ல? வெறுங்கையோட வரவளுக்குச் சும்மா ஹாஹான்னு வரும். எங்கம்மா வந்தப்பவும் கால் ஒதுங்கத்தான் பார்த்துச்சு. நாந்தான் புடிச்சு நிறுத்தினேன், மேடம் சொன்னாங்கன்னு. எங்காலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு பாரு."

"அப்ப அந்த நீலச் சட்டை?"

"அவ என்னத்தத் தூக்கிட்டு வந்தா? ஒன்னும் இல்ல. நாந்தான் மூச்சுன்னு கேட்டதும் ஒதுங்கிட்டேன். சரியாக் கேக்கல."

மலைக்குப் போகும் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பெட்டியை அவள் தலைக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். அவள் வரும் சத்தமே கேட்கவில்லை. ஆனாலும் ஒருமுறை வேண்டுமென்றே ஒதுங்கி நின்று, "போங்க பெரியக்கா" என்றேன். அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மேடம் தன் பாடத்தையே மாற்றிவிட்டார். சில நாள் நான் வெறுங்கையோடு பின்னால் ஓடுவேன், சில நாள் மணல் மூட்டையோடு. பெரியக்கா திரும்பாமலே சொல்ல வேண்டும். விடுதியே வேடிக்கை பார்க்க வந்து நிற்கும். ஒருநாள் நான் மணல் மூட்டை என்று ஏமாற்றப் பஞ்சுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "தலகாணியக் கீழ போடுடி," என்றாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ!

வழி, வழி

கடைசி வருடம். மறுபடி அதே ஐயாயிரம் மீட்டர், அதே நீலச் சட்டை. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. இந்த முறை மேடம் வாங்கிக் கொடுத்த ஷூ அவள் காலில் இருந்தது. எங்கள் கல்லூரி சார்பில் ஆள் எண்ணிக்கைக்காக நானும் ஓடினேன். என் ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் கடைசி ரவுண்டில் வரும்போது எனக்கு இன்னும் ஒரு ரவுண்டு முழுசாக மிச்சம் இருந்தது.

அதனால்தான் எல்லாம் என் காதில் விழுந்தது. பின்னாலிருந்து இருவரும் என்னை நெருங்கினார்கள், பெரியக்கா முன்னால், நீலச் சட்டை அவள் முதுகோடு. நீலச் சட்டைக்காரி ஓடவில்லை, கூவினாள் என்றே சொல்ல வேண்டும். "வழி! வழி! அக்கா, வழி விடுங்க!" கூடவே ஊருக்கே கேட்கிற மாதிரி மூச்சு. எங்கள் பெரியக்காவின் பழைய கதை எல்லாக் கல்லூரிக்கும் தெரிந்திருந்தது.

நான் வெளிப்பக்கம் ஒதுங்கினேன். அவர்கள் என்னைத் தாண்டினார்கள். அப்போது பெரியக்காவின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. காது கொடுத்துக் கேட்கிறாள். வலது தோள் துடித்தது.

"வெறுங்கைடி!" என்று இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"தெரியும் போ!" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு அவள் போன போக்கை நான் என்னவென்று சொல்வேன்! கடைசி வளைவில் நீலச் சட்டைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். மேடம் விசிலை ஊதிக்கொண்டே அழுதார். நான் என் மிச்ச ரவுண்டையும் ஓடாமல் குறுக்கே பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டேன். அதற்காக என் பெயரை அடித்துவிட்டார்கள். அடித்தால் அடிக்கட்டும்.

அவள் என்னை விலக்கிவிட்டு, தரையில் கிடந்த நீலச் சட்டைக்காரியைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "உனக்கு ஏன் கண்ணு இத்தன மூச்சு வாங்குது? காத்தால ஒன்னும் திங்கலியா?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அகில இந்தியப் போட்டியில் வெண்கலம் வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் ஐயாயிரம், ஆயிரத்து ஐந்நூறு, காடுமேடெல்லாம் ஓடும் குறுக்கோட்டம் மூன்றிலும் தங்கம். எங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் பலகையில் அவள் பெயர் தனியாக இருக்கிறது. போலீஸ் வேலையும் கிடைத்தது. இப்போது அவள் எஸ்.ஐ. அந்தக் கையை அவள் காட்டினால் லாரியும் நிற்கும்.

போன மாதம், மலையில்

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அவளுடைய குண்டனி நாடு. பள்ளி திறந்ததும் பாடப்புத்தகக் கட்டுகளை வண்டி ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பள்ளிக்கு ஒற்றையடிப் பாதை. ஊர்க்காரர்களும் நாங்களுமாகச் சுமந்துதான் ஏற்ற வேண்டும். இப்போது எனக்குத் தலைச்சுமை பழகிவிட்டது. மூச்சு மட்டும் மாறவில்லை.

போன மாதம் அப்படி ஒரு கட்டைத் தலையில் வைத்து ஏறிக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலை, பாதை வழுக்கியது. முன்னால் டிராக் சூட் போட்ட ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்புக்கு மேல் ஒன்றும் அசையவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் லீவில் வரப்போவதாக எனக்குச் சொல்லவே இல்லையே!

நான் நெருங்கினேன். அவள் திரும்பவில்லை. மேட்டுப் பக்கம் இரண்டு எட்டு விலகி, தலையைச் சாய்த்து நின்றாள்.

"போ, எஸ்தரு."

"எப்படிடி தெரிஞ்சுது நான்தான்னு?"

"வருசக்கணக்கா எம் முதுகுல உட்ட மூச்சு. எனக்குத் தெரியாதா?" இப்போதுதான் திரும்பினாள். கட்டைப் பார்த்தாள். "ஆனா எங்க பாதையில இன்னிக்கித்தான் நெசமாச் சுமையோட வாரே. போ கண்ணு, நிக்காத. சாஞ்சிரும்."

கண்ணில் நீர் முட்டியது. கட்டைப் பிடித்திருந்த கையால் துடைக்கவும் முடியவில்லை. அவளைத் தாண்டி மேலே ஏறினேன். ஒரு பத்து எட்டு போன பிறகுதான் உறைத்தது. அத்தனை காலம் பின்னால் ஓடியும் ஒருநாள்கூட இந்தப் பெரியக்காவை நான் முந்தியதில்லை.

"ஏ பெரியக்கா, உன்னை முந்திட்டேன்டி!" என்று திரும்பாமலே கத்தினேன்.

"கட்டைக் கீழ வெச்சுட்டுச் சொல்லு," என்றாள் பின்னாலிருந்து.

நான் வைக்கவில்லை.